மூடி வைத்த லேப்டாப் எழவில்லை: லினக்ஸில் சஸ்பெண்ட் எந்த இடத்தில் நிற்கிறது?

நீங்கள் எழுதியிருப்பது இது. மூன்று வருடப் பழைய லேப்டாப், இன்டெல் பிராசஸர், கூடவே என்விடியா கிராபிக்ஸ், உபுண்டு 24.04. மூடி பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால் சில நாள் பை கொதிக்கிறது. 80 சதவீதம் இருந்த பேட்டரி 20-க்கு வந்துவிடுகிறது. வேறு சில நாள் திறந்தால் திரை கருப்பு, மின்விசிறி மட்டும் ஓடுகிறது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியிருக்கிறது. எங்கோ படித்துவிட்டு கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) 'மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப்' என்று சேர்த்தீர்கள். அதன் பிறகு ஒரு தடவைகூட எழவில்லை. வேறு எந்த வரியைச் சேர்த்தால் சரியாகும் என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் சேர்க்க வேண்டாம். சேர்த்ததை எடுத்துவிடுங்கள். பூட் அமைப்பு இருக்கும் /எட்சி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் அந்த வார்த்தையை அழித்துவிட்டு 'சூடோ அப்டேட்-கிரப்' கொடுத்து ரீபூட் செய்யுங்கள். (கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.) சொல்லப்போனால் உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். பை சூடாவது ஒன்று, கருப்புத் திரை இன்னொன்று. டீப் வரி மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தது. ஒரே வரியில் இரண்டும் தீரும் என்று தேடினால் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். சஸ்பெண்ட், அதாவது மெஷினைத் தூங்க வைப்பது, வரிசையாக நடக்கும் பல வேலைகள். எந்த வேலையில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் மருந்து பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

டீப் ஏன் கெடுத்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

லேப்டாப்பில் இரண்டு வகைத் தூக்கம் உண்டு. பழைய வகைக்கு எஸ்3 என்று பெயர். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-இல் வெளியிட்ட ஏசிபிஐ என்ற மின்மேலாண்மை விதிமுறையிலிருந்து வந்தது. இதில் ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், பிராசஸர் முழுதாக அணைந்துவிடும். தூங்க வைக்கும் கடைசிப் படியும் எழுப்பும் முதல் படியும் பயாஸின் (மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) கையில். லினக்ஸ் இதைத்தான் டீப் என்கிறது. புதிய வகையில் பிராசஸர் அணைவதில்லை, சும்மா இருக்கிறது. எல்லாச் சாதனங்களும் அடங்கிவிட்டால் சிப்பே தன்னை மிகக் குறைந்த மின்நிலைக்கு இறக்கிக்கொள்ளும். 2012-இல் விண்டோஸ் 8 இதை கனெக்டட் ஸ்டாண்ட்பை என்று கொண்டுவந்தது; விண்டோஸ் 10-இல் மாடர்ன் ஸ்டாண்ட்பை ஆனது. லினக்ஸில் 2013-இல் 3.9 கெர்னலோடு வந்தது. இன்று அதன் பெயர் எஸ்2ஐடில்.

உங்கள் மெஷின் எதைப் பயன்படுத்துகிறது என்று பார்க்க 'கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்' போதும். இரண்டு பெயர் இருந்தால், சதுர அடைப்புக்குள் இருப்பது இப்போது நடப்பில் உள்ளது. எஸ்2ஐடில் மட்டும் இருந்தால் உங்கள் பயாஸில் எஸ்3 இல்லவே இல்லை. அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம். நீங்கள் சேர்த்த வரி வேலை செய்து கெடுத்திருக்கிறது என்பதால் உங்களிடம் இரண்டுமே இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் இன்னொன்றையும் கவனியுங்கள். எதை இயல்பாக எடுப்பது என்று கெர்னல் குருட்டாம்போக்கில் முடிவு செய்வதில்லை. 'இந்த மெஷினுக்குப் புதிய வகைத் தூக்கம்தான் ஏற்றது' என்று தயாரிப்பாளர் ஏசிபிஐ அட்டவணையில் ஒரு குறி வைத்திருந்தால் எஸ்2ஐடிலை எடுக்கும், இல்லாவிட்டால் டீப். விண்டோஸ் அந்த மெஷினில் எஸ்3 பக்கமே போகாது என்றால், பயாஸில் மிச்சமிருக்கும் எஸ்3 பகுதியை யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பெயர் பட்டியலில் இருக்கும், தூங்கவும் போகும், திரும்பி வராது. உங்களுக்கு நடந்தது இதுதான். ஒரு சில மாடல்களின் பயாஸ் அமைப்பில் 'ஸ்லீப் ஸ்டேட்' என்ற இடத்தில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். அது இருந்தால் டீப்பை நம்பி எடுக்கலாம். இல்லையென்றால் எஸ்2ஐடிலிலேயே இருங்கள்.

அடுத்து கருப்புத் திரை. இதில் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மெஷின் எழவில்லையா, எழுந்தும் திரை மட்டும் வரவில்லையா? வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், உள்ளே நடப்பது வேறு. அடுத்த தடவை கருப்புத் திரை வந்தால் உடனே பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். கேப்ஸ் லாக்கை அழுத்தி அதன் விளக்கு மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் கெர்னல் உயிரோடு இருக்கிறது. போன் டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்தோ ஐகானோ தெரிந்தால் படம் வந்துவிட்டது, பின்விளக்கு மட்டும் எரியவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தி, கருப்புத் திரையில் லாகின் எழுத்து வருகிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்ஹெச் சர்வரை முன்பே நிறுவி வைத்திருந்தால் போனிலிருந்து உள்ளே நுழைய முயலலாம். வைஃபையும் எழாமல் இருக்கலாம் என்பதால் நுழைய முடியவில்லை என்பதை மட்டும் வைத்து மெஷின் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

அணைப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பலரும் தடயத்தை இழப்பது இந்த இடத்தில்தான். லாக் எழுதும் ஜர்னல்டி சாதாரணச் செய்திகளை உடனுக்குடன் டிஸ்கில் உறுதி செய்வதில்லை. அதன் இயல்பான இடைவெளி 5 நிமிடம். திறந்த அரை நிமிடத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால், 'நான் எழுந்துவிட்டேன்' என்று கெர்னல் எழுதிய வரி டிஸ்குக்குப் போகாமலே காணாமல் போகலாம். ஆகவே ஆல்ட்டையும் சிஸ்ஆர்க்யூ சாவியையும் (பிரின்ட் ஸ்கிரீன் சாவியில்தான் இருக்கும், சில லேப்டாப்பில் எஃப்என் கூடச் சேர்க்க வேண்டும்) பிடித்துக்கொண்டு எஸ், யு, பி எழுத்துகளை நாலைந்து நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எஸ் டிஸ்கில் எழுத வேண்டியதை எழுதும், யு கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்று மாற்றும், பி ரீபூட் செய்யும். உபுண்டுவில் இந்த மூன்றும் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டவை. கோப்புகளும் பத்திரமாக இருக்கும், லாக்கும் கிடைக்கும்.

ரீபூட் ஆனதும் 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1' கொடுங்கள். அணைவதற்கு முந்தைய ஓட்டத்தின் கெர்னல் லாக் அது. கடைசிப் பகுதியில் 'பிஎம்: சஸ்பெண்ட் என்ட்ரி' என்று ஒரு வரி, அடைப்புக்குள் எந்த வகைத் தூக்கம் என்ற பெயரோடு இருக்கும். அதற்குப் பின் 'பிஎம்: சஸ்பெண்ட் எக்சிட்' இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கெர்னல் தன் வேலையை முடித்துவிட்டது. திரையும் கிராபிக்ஸ் டிரைவரும்தான் குற்றவாளிகள். இல்லையென்றால் போகும் வழியிலோ வரும் வழியிலோ நின்றிருக்கிறது.

இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். லாக்கின் கடைசி வரி 'சஸ்பெண்ட் என்ட்ரி' என்றால், தூங்கத் தொடங்கியதுமே செத்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. தூங்கப் போகும்போது கெர்னல் முதலில் எல்லா நிரல்களையும் உறைய வைக்கிறது. ஜர்னல்டியும் ஒரு நிரல்தான், அதுவும் உறைந்துவிடும். பிறகு டிஸ்கும் தூங்கிவிடும். அதற்கப்புறம் கெர்னல் சொல்வதெல்லாம் ரேமில் மட்டும் இருக்கும். நல்லபடியாக எழுந்தால்தான் அவை டிஸ்குக்கு வரும். எழாமல் அணைத்தால் எல்லாம் போய்விடும். ஆகவே அந்தக் கடைசி வரிக்குப் பின் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். லாக்கால் சொல்ல முடியாத இந்த இடத்துக்குத்தான் கெர்னலிலேயே ஒரு சோதனைக் கருவி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து லினக்ஸில் இவ்வளவு பயனுள்ள, இவ்வளவு குறைவாகப் பயன்படும் வசதி வேறு இல்லை.

அதன் பெயர் பிஎம்_டெஸ்ட். /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட் என்ற கோப்பு. இதில் ஒரு பெயரை எழுதிவிட்டு சஸ்பெண்ட் செய்தால், அந்தப் படி வரை மட்டும் போய், 5 நொடி நின்று, வந்த வழியே திரும்பிவிடும். படிகள் இவை: ஃப்ரீசர் என்றால் நிரல்களை உறைய வைப்பது மட்டும். டிவைசஸ் என்றால் அதோடு எல்லாச் சாதனங்களின் டிரைவர்களையும் தூங்க வைப்பது. பிளாட்ஃபார்ம் என்றால் பயாஸிடம் தயாராகச் சொல்வதும் சேர்ந்தது. அதற்கும் மேலே பிராசஸர்ஸ், கோர் என்று இரண்டு உண்டு. அவை டீப்புக்குத்தான் பொருந்தும். எஸ்2ஐடிலில் பிராசஸர் கோர்களை அணைப்பதே இல்லை என்பதால் முதல் மூன்றே போதும்.

செய்முறை: திறந்திருக்கும் வேலையையெல்லாம் சேமியுங்கள். டெர்மினலில் 'எக்கோ ஃப்ரீசர் | சூடோ டீ /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட்' என்று கொடுங்கள். 'சூடோ எக்கோ' போட்டு அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும். சூடோ எக்கோவுக்குத்தான் பொருந்துகிறது, கோப்பைத் திறப்பது உங்கள் சாதாரண ஷெல். அதனால்தான் டீ. பிறகு 'சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட்'. சில நொடியில் திரும்பி வர வேண்டும். வந்தால் அடுத்து டிவைசஸ், அப்புறம் பிளாட்ஃபார்ம். ஒவ்வொன்றையும் குறைந்தது ஐந்தாறு தடவை செய்யுங்கள், உங்களுடையது எப்போதாவது வரும் கோளாறு அல்லவா. முடிந்ததும் மறக்காமல் அதே கோப்பில் 'நன்' (எதுவும் இல்லை என்று பொருள்) என்று எழுதி இயல்புக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் மூடியதும் 5 நொடியில் எழுந்துகொண்டே இருக்கும்.

ஃப்ரீசரிலேயே தோற்றால் ஏதோ ஒரு நிரல் உறைய மறுக்கிறது. கெர்னல் 20 நொடி காத்திருந்துவிட்டு, முயற்சியைக் கைவிட்டு, எந்த நிரல் என்று லாக்கில் பெயரோடு எழுதும். சர்வர் தொடர்பு அறுந்துபோன நெட்வொர்க் கோப்பகம், எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் போன்றவை இதில் அடிக்கடி மாட்டும். டிவைசஸில் தோற்றால் ஒரு டிரைவர்தான் காரணம். பிளாட்ஃபார்ம் வரை எல்லாம் சரியாக நடந்து, உண்மையான சஸ்பெண்டில் மட்டும் தோற்றால் பயாஸ் பக்கம் பார்க்க வேண்டும்.

டிவைசஸில் மாட்டினால் எந்த டிரைவர் என்று கண்டுபிடிக்க இரண்டு வழி. எளிய வழி, சந்தேகப்படும் மாட்யூல்களை (கெர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய டிரைவர் துண்டுகள்) ஒவ்வொன்றாக 'மாட்ப்ரோப் -ஆர்' மூலம் இறக்கிவிட்டு மறுபடி டெஸ்ட் செய்வது. வைஃபை, ப்ளூடூத், கார்டு ரீடர், கைரேகை ரீடர், வெப்கேம் என்ற வரிசையில் போங்கள். யூஎஸ்பியில் செருகியிருப்பதை எல்லாம் முதலிலேயே பிடுங்கிவிடுங்கள். /சிஸ்/பவர்/பிஎம்_அசின்க் கோப்பில் 0 எழுதினால் சாதனங்கள் ஒரே நேரத்தில் இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தூங்கும். அப்படிச் செய்ததும் கோளாறு மறைந்தால், இரண்டு சாதனங்கள் ஒன்றையொன்று முந்துவதுதான் பிரச்சினை என்று தெரியும்.

இரண்டாவது வழி பிஎம்_டிரேஸ். எழும்போது தொங்கிப்போய் எந்த லாக்கும் கிடைக்காத நிலைக்கானது. அணைத்துப் போட்டாலும் அழியாத நினைவகம் ஒரு சாதாரண மெஷினில் எங்கே இருக்கிறது? கடிகாரச் சிப்பில். பிஎம்_டிரேஸில் 1 எழுதினால், கெர்னல் ஒவ்வொரு சாதனத்தைத் தொடும்போதும் அதன் பெயரைச் சுருக்கி ஓர் எண்ணாக்கிக் கடிகாரத்தில் எழுதி வைக்கும். தொங்கியதும் பட்டனை அழுத்தி அணைத்து, உடனே பூட் செய்ய வேண்டும். சுமார் 3 நிமிடத்துக்குள், இல்லாவிட்டால் கடிகாரம் ஓடி எண் மாறிவிடும். பிறகு டிமெசேஜ் லாக்கில் 'ஹாஷ் மேட்சஸ்' என்று தேடினால் கடைசியாகத் தொட்ட சாதனத்தின் பெயர் வரும். வேறு சாதனத்துக்கும் அதே எண் தற்செயலாக அமையலாம், ஆகவே இரண்டு மூன்று தடவை செய்து பொதுவாக வரும் பெயரை மட்டும் நம்புங்கள். தேதி தாறுமாறாக மாறிப்போகும், பிரவுசரில் எல்லாத் தளமும் சான்றிதழ் சரியில்லை என்று சொல்லும். பயப்பட வேண்டாம், நேரத்தைச் சரி செய்தால் போதும்.

இந்த வழி எனக்கு எவ்வளவு உதவியது என்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் என்னிடம் இருந்த ஒரு லேப்டாப் நாலு தடவைக்கு ஒரு தடவை எழாது. கிராபிக்ஸ்தான் காரணம் என்று நிச்சயமாக நம்பி, அதற்கான அளவுருக்களை மாற்றி மாற்றி மூன்று வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிஎம்_டிரேஸ் போட்டேன். மூன்று தடவையும் ஒரே பிசிஐ முகவரி வந்தது. 'எல்எஸ்பிசிஐ' கொடுத்துப் பார்த்தால் எஸ்டி கார்டு ரீடர். நான் ஒருநாளும் கார்டு செருகியதில்லை. அந்த மாட்யூலைத் தடைப்பட்டியலில் போட்டேன். அந்த மெஷினைக் கொடுக்கும் வரை மறுபடி ஒருதடவைகூட அது தொங்கவில்லை. எழாததைத் திரையில் பார்ப்பதால் திரையைத்தான் சந்தேகப்படத் தோன்றுகிறது. உங்களுக்கும் அந்தத் தவறு நேரக் கூடாது என்றுதான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சரி, லாக்கில் 'சஸ்பெண்ட் எக்சிட்' இருந்தது என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் என்விடியா இருப்பதால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். தூங்கும்போது கிராபிக்ஸ் நினைவகத்தில் இருப்பது காப்பாற்றப்பட வேண்டும். என்விடியாவின் தனியுரிம டிரைவர் முழு நினைவகத்தையும் காப்பாற்ற வேண்டுமானால் 'என்விரெக்_பிரிசர்வ்வீடியோமெமரிஅலொகேஷன்ஸ்' என்ற மாட்யூல் அளவுரு 1 ஆக இருக்க வேண்டும். என்விடியா-சஸ்பெண்ட், என்விடியா-ரெசியூம் என்ற சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை இயக்கும் நிரல்) சேவைகளும் இயங்க அனுமதி பெற்றிருக்க வேண்டும். /புராக்/டிரைவர்/என்விடியா/பாராம்ஸ் கோப்பில் இப்போதைய மதிப்பைப் பார்க்கலாம். காப்பாற்றும் தகவல் இயல்பாக /டெம்ப் அடைவுக்குப் போகும். அங்கே இடம் போதாவிட்டால் சஸ்பெண்டே தோற்கும். 'என்விரெக்_டெம்ப்ரரிஃபைல்பாத்' கொண்டு /வார்/டெம்ப் போன்ற இடத்துக்கு மாற்றலாம். இந்த மாற்றங்களுக்குப் பின், பூட்டின் தொடக்கத்தில் ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

திரை இன்டெல் கிராபிக்ஸில் ஓடி, பின்விளக்கோ படமோ மட்டும் சிக்கல் செய்தால் 'ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0' என்பதை முயலலாம். படம் மாறாதபோது திரை தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை அது நிறுத்துகிறது. பூட் மெனுவில் தற்காலிகமாகச் சேர்த்து ஒரு நாள் பாருங்கள், பலன் இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள். பலன் இல்லாத அளவுருவை 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று விடுவதுதான் ஒரு வருடம் கழித்து வேறு ஏதோ கோளாறாக வந்து நிற்கும்.

எழுந்தபின் வைஃபை இல்லை, டச்பேட் நகரவில்லை என்பதெல்லாம் இதைவிடச் சிறிய வியாதி. அந்த மாட்யூலை இறக்கி ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும். அதைத் தானாகச் செய்ய /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-ஸ்லீப் அடைவில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்து இயக்க அனுமதி கொடுங்கள்; தூங்கும் முன் 'ப்ரீ' என்றும் எழுந்தபின் 'போஸ்ட்' என்றும் முதல் வாதமாகக் கொடுத்து சிஸ்டம்டி அதைக் கூப்பிடும்.

இப்போது சூடான பை. எனக்கு இதுதான் அதிகக் கவலை. கருப்புத் திரையால் சேமிக்காத வேலை போகும். காற்றுப் போகாத பையில் லித்தியம் பேட்டரி மணிக்கணக்கில் கொதிப்பது ஆபத்து. காரணம் தெரியும் வரை பையில் வைக்கும்போது முழுதாக ஷட்டவுன் செய்துவிடுங்கள். மூடி வைத்தால் போதும் என்ற பழக்கத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள்.

இதில் மூன்று சாத்தியங்கள்: தூங்கவே போகவில்லை, போய் உடனே எழுந்துவிட்டது, அல்லது தூங்கியதாகச் சொல்லிக்கொண்டு விழித்தே இருந்தது. லாக்கில் என்ட்ரி, எக்சிட் வரிகளின் நேரத்தைப் பார்த்தாலே முதல் இரண்டும் பிரிந்துவிடும்.

மூடிய நேரத்தில் என்ட்ரி வரியே இல்லையென்றால் யாரோ தடுத்திருக்கிறார்கள். 'சிஸ்டம்டி-இன்ஹிபிட் --லிஸ்ட்' தடுப்பவர்களின் பட்டியலைத் தரும். வெளி மானிட்டர் இணைந்திருக்கும்போது மூடியை மூடினால் தூங்கக் கூடாது என்பது லாகின்டியின் (மூடியையும் பவர் பட்டனையும் கவனிக்கும் சிஸ்டம்டி சேவை) இயல்பான விதி. மானிட்டர் கேபிளைப் பிடுங்குவதற்கு முன்பே மூடிவிட்டு, பிறகு பிடுங்கிப் பையில் போடும் வழக்கம் உங்களுக்கு உண்டா என்று யோசித்துப் பாருங்கள். பிடுங்கிவிட்டு மூடுவது நல்லது; எப்படியானாலும் பையில் வைக்கும் முன் பவர் விளக்கைப் பார்ப்பது அதைவிட நல்லது.

என்ட்ரிக்குச் சில நொடியிலோ நிமிடத்திலோ எக்சிட் வந்திருந்தால் ஏதோ எழுப்புகிறது. /புராக்/ஏசிபிஐ/வேக்அப் கோப்பில் எழுப்பும் உரிமை உள்ள சாதனங்கள் எனேபிள்டு, டிசேபிள்டு என்று வரிசையாக இருக்கும். எக்ஸ்ஹெச்சி என்பது யூஎஸ்பி. வயர்லெஸ் மவுஸின் சிறிய டாங்கிள் செருகியபடியே இருந்து, மவுஸ் பைக்குள் உரசினால் மெஷின் எழும். சாதனத்தின் பெயரை அதே கோப்பில் எழுதினால் நிலை மாறும். மறுபடி எழுதினால் திரும்பவும் மாறும். இது ரீபூட் வரைதான் நிற்கும். ஒவ்வொன்றாக அணைத்துச் சோதித்து, உறுதியானபின் பூட்டில் ஓடும் சிறிய சிஸ்டம்டி சேவையாக எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்தால் மூடியைத் திறந்தாலும் எழாமல் போகும், கவனம்.

மூன்றாவதுதான் எஸ்2ஐடிலுக்கே உரிய தந்திரமான கோளாறு. லாக்கில் காலை 8 மணிக்கு என்ட்ரி, 10 மணிக்கு எக்சிட் என்று அழகாக இருக்கும், பேட்டரி மட்டும் கரைந்திருக்கும். நிரல்கள் உறைந்தன, திரை அணைந்தது. ஆனால் ஏதோ ஒரு சாதனம் அடங்காததால் சிப் தன் ஆழ்ந்த நிலைக்கு இறங்கவே இல்லை. இதைக் கண்டுபிடிக்க /சிஸ்/பவர்/சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் அடைவில் லாஸ்ட்_ஹெச்டபிள்யூ_ஸ்லீப் என்ற கோப்பைப் பாருங்கள். கடைசித் தூக்கத்தில் வன்பொருள் உண்மையிலேயே தூங்கிய நேரம், மைக்ரோ நொடியில். 10 நிமிடம் தூங்க வைத்துவிட்டுப் பார்த்தால் 60 கோடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 0 என்றால் ஒரு நொடிகூடத் தூங்கவில்லை. அதே அடைவில் லாஸ்ட்_ஃபெயில்டு_டெவ் என்ற கோப்பும் உண்டு. சஸ்பெண்ட் தோற்றிருந்தால் கடைசியாகத் தோற்ற சாதனத்தின் பெயரை அது சொல்லும்.

0 வந்தால் உங்கள் மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது மறுபடியும் என்விடியாதான். 'என்விரெக்_எனேபிள்எஸ்0ஐஎக்ஸ்பவர்மேனேஜ்மென்ட்' என்ற அளவுரு இதற்காகவே இருக்கிறது. அடுத்தது டிஸ்க். பயாஸில் ஸ்டோரேஜ் அமைப்பு ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்று இருந்தால் ஏஹெச்சிஐக்கு மாற்றிப் பார்க்கலாம். இரட்டை பூட்டாக விண்டோஸ் வைத்திருந்தால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள்: விண்டோஸை முதலில் சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டுத்தான் பயாஸில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் பூட் ஆகாது. இதைப் படிக்கும் ஏஎம்டி மெஷின்காரர்களுக்கு வேலை எளிது. ஏஎம்டி பொறியாளர்களே எழுதிய ஏஎம்டி-எஸ்2ஐடில் என்ற பைத்தான் கருவி மெஷினைத் தூங்க வைத்து எழுப்பி, என்ன குறை என்று வாக்கியமாகவே எழுதிக் கொடுத்துவிடும்.

எவ்வளவு இழப்பு சரி, எவ்வளவு தவறு என்பதற்கு ஒரு கணக்கு. /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்0 அடைவில் எனர்ஜி_நவ் கோப்பு மைக்ரோ வாட்-மணியில் இருப்பைச் சொல்லும். மூடும் முன்னும் திறந்த பின்னும் குறித்துக்கொள்ளுங்கள். 50 வாட்-மணி பேட்டரியில் 8 மணி நேரத்தில் 4 வாட்-மணி குறைந்தால் அரை வாட் செலவு. அது நியாயமான தூக்கம். உங்களுக்கு 60 சதவீதம், அதாவது சுமார் 30 வாட்-மணி, இரண்டு மணி நேரத்தில் போயிருந்தால் 15 வாட். அது அரைத்தூக்கம்கூட இல்லை, முழு விழிப்பில் வேலை பார்க்கும் அளவு. அதனால்தான் உங்கள் விஷயத்தில் மூடியதும் தூங்கவே போகவில்லை அல்லது எழுந்துவிட்டது என்ற முதல் இரண்டு சாத்தியங்கள்மேல் எனக்குச் சந்தேகம் அதிகம்.

எதை மாற்றினாலும் ஒருதடவை சரியாக எழுந்ததை வைத்துத் திருப்தி அடையாதீர்கள். நாலில் ஒன்று தோற்கும் கோளாறு தொடர்ந்து ஐந்து தடவை தற்செயலாகவே சரியாக வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. இருபது தடவை ஓட்டுங்கள். குறித்த நேரத்தில் மெஷினை எழுப்பும் ஆர்டிசிவேக் கருவி இதற்கு உதவும். ஆனால் 'ஆர்டிசிவேக் -எம் மெம்' என்று கொடுத்தால் அது சிஸ்டம்டியைத் தாண்டி நேராகக் கெர்னலைத் தூங்கச் சொல்லும். என்விடியா சேவைகளும் உங்கள் ஸ்கிரிப்ட்களும் ஓடாது, சோதனை பொய்யாகும். 'ஆர்டிசிவேக் -எம் நோ -எஸ் 60' என்று அலாரம் மட்டும் வைத்துவிட்டு, உடனே 'சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட்' கொடுப்பதே சரி. இதை ஒரு லூப்பில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

பயாஸ் புதுப்பிப்பையும் பாருங்கள். 'எஃப்டபிள்யூயூபிடிஎம்ஜிஆர் கெட்-அப்டேட்ஸ்' கொடுத்தால் உங்கள் மாடலுக்கு வந்திருக்கிறதா என்று தெரியும். தூக்கக் கோளாறுகளில் கணிசமானவை பயாஸில் திருத்தப்படுபவை. கிரப் மெனுவில் பழைய கெர்னல் இருந்தால் அதிலும் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பழையதில் சரியாக இருந்து புதியதில் கெட்டது என்றால், அந்த இரண்டு பதிப்பு எண்களும் கெர்னல்காரர்களுக்குப் பெரிய துப்பு.

ஹைபர்னேட்டுக்கு (ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுதாக அணைவது) மாறிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாறலாம். ஆனால் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் செய்ய விடும் பயாஸ் வசதி) இயக்கத்தில் இருந்தால் உபுண்டு கெர்னல் ஹைபர்னேட்டை அனுமதிக்காது. ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதி மறுபடி ஏற்றும்போது இடையில் யாராவது மாற்றியிருக்கலாம் என்ற பாதுகாப்புக் காரணம். செக்யூர் பூட்டை அணைத்தாலும், ரேமில் பயன்பாட்டில் இருப்பதைத் தாங்கும் அளவுக்கு ஸ்வாப் (ரேமில் இருப்பதை வைக்க டிஸ்கில் ஒதுக்கும் இடம்) வேண்டும். உபுண்டு நிறுவும்போது உருவாகும் ஸ்வாப் கோப்பு பெரும்பாலும் சிறியது, பெரிதாக்க வேண்டியிருக்கும். ஸ்வாப் எங்கே தொடங்குகிறது என்பதை 'ஃபைல்ஃபிராக் -வி' கொண்டு கண்டுபிடித்து ரெசியூம், ரெசியூம்_ஆஃப்செட் என்ற இரண்டு கெர்னல் அளவுருக்களாகக் கொடுக்க வேண்டும். டிரைவர் கோளாறு இருந்தால் ஹைபர்னேட்டிலும் அதே டிரைவர்கள்தான் தூங்கி எழுகின்றன. ஆகவே பிஎம்_டெஸ்ட்டில் டிவைசஸ் படி தேறாமல் இதற்குள் போக வேண்டாம்.

முதலில் மெம்_ஸ்லீப் கோப்பில் என்ன இருக்கிறது, அடுத்த கருப்புத் திரைக்குப் பின் லாக்கில் எக்சிட் வரி இருந்ததா, 10 நிமிடத் தூக்கத்துக்குப் பின் லாஸ்ட்_ஹெச்டபிள்யூ_ஸ்லீப் எவ்வளவு என்ற மூன்றையும் எழுதுங்கள். பை சூடான ஒரு நாளின் என்ட்ரி, எக்சிட் நேரங்களும் கிடைத்தால் சேர்த்து அனுப்புங்கள், அதிலிருந்து தொடர்ந்து பார்க்கலாம்.